யன்னலை மூடாத வீடு: பள்ளிக்கூட பஸ் ஒன்றை வைத்து நாங்கள் போடும் திட்டம்

பள்ளிக்கூட பஸ்ஸை நடமாடும் வீடாக மாற்றுவது பற்றிக் கிடைக்கிற காணொளிகளில் பெரும்பாலானவை அமெரிக்காவிலும் கனடாவிலும் எடுக்கப்பட்டவை. நாற்பது அடி நீளம் வரை வரும் அந்த மஞ்சள் பஸ்களை வாங்குகிறவர்களுக்கு முதல் எதிரி குளிர். அதனால் உள்தகட்டைக் கழற்றுகிறார்கள், யன்னல்களில் பாதியைத் தகடு வைத்து மூடுகிறார்கள், சுவர் முழுக்க நுரை அடைக்கிறார்கள், மூலையில் ஒரு விறகடுப்பும் வைக்கிறார்கள். அவர்களுடைய ஊருக்கு அது சரி. அதே வரைபடத்தைக் கொண்டுவந்து யாழ்ப்பாணத்து வெயிலில் நிறுத்தினால் உள்ளே ஆள் இருக்க முடியாது. எங்கள் பக்கத்தில் இப்படி ஒரு வேலையை நினைக்கிறவர்கள் முதலில் இதைத்தான் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்: பள்ளிக்கூட பஸ்ஸில் எங்களுக்குக் கிடைக்கிற பெரிய சொத்து அதன் யன்னல்கள். இரண்டு பக்கமும் வரிசையாக, தள்ளித் திறக்கிற யன்னல்கள். அவற்றை மூடாமல் எப்படி வீடாக்குவது என்பதைச் சுற்றித்தான் எங்கள் திட்டம் முழுவதும் வளர்ந்திருக்கிறது.

நான் தொழில்நுட்பப் பாட ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். மனைவி தாதியாக வேலை செய்தவர். பிள்ளைகள் வெளிநாட்டில். யாழ்ப்பாணத்தைத் தெற்கோடு இணைக்கிற ஏ9 பாதை போரால் மூடியும் திறந்தும் கிடந்த காலத்தில் எங்கள் இளமை போய்விட்டது. திருகோணமலையையும் மட்டக்களப்பையும் கதிர்காமத்தையும் அவசரமில்லாமல் பார்க்க வேண்டும் என்ற ஆசை இரண்டு பேருக்கும் இருந்தது. கொக்குவிலில் எங்கள் ஒழுங்கையிலேயே ஒருவர் வருடக்கணக்காகப் பாடசாலைச் சேவை ஓடிக்கொண்டிருந்தார். 2020இல் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள், 2022இல் டீசலுக்கு வரிசையில் நிற்க வேண்டி வந்தது. அதற்குப் பிறகு அவருக்கு வயதும் ஏறிவிட்டது. ஓட்டத்தை நிறுத்தினார், பஸ் முற்றத்தில் நின்றது. நாங்கள் தெரிவு செய்தது அதைத்தான்: மிற்சுபிசி றோசா, ஜப்பான்காரன் செய்த சின்ன பஸ், நாலு சிலிண்டர் டீசல் இஞ்சின்.

பெரிய லேலண்ட் பஸ்ஸையும் பார்த்தோம். இடம் தாராளம், விலையும் பேசலாம். அதை வேண்டாம் என்று முடிவு செய்தது ஒழுங்கைதான். யாழ்ப்பாணத்து ஒழுங்கைகள் மதிலுக்கும் மதிலுக்கும் இடையில் பத்தடி இருந்தால் பெரிய காரியம். றோசா இரண்டு மீற்றர் அகலம். பக்கக் கண்ணாடிகளையும் சேர்த்தால் இன்னும் கொஞ்சம் கூடும். பஸ் வாங்க நினைக்கிறவர்கள் அளவுநாடாவை எடுத்துக்கொண்டு முதலில் தங்கள் வீட்டு ஒழுங்கையையும், அடிக்கடி போகிற உறவினர் வீட்டு ஒழுங்கைகளையும் அளக்க வேண்டும். கேற்றின் அகலம் மட்டும் காணாது. திரும்புகிற முடக்கு, ஒழுங்கைக்கு மேலே தாழ்ந்து தொங்குகிற மின்கம்பி, மதிலுக்கு வெளியே நீட்டிய மாங்கொப்பு எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். கூரையில் சோலர் பலகை ஏறினால் உயரம் இன்னும் ஒரு சாண் கூடும். எங்கள் பயணங்களில் இரவு தங்குவதற்கு மிகப் பாதுகாப்பான இடம் சொந்தக்காரர் வீட்டு முற்றம்தான். அதற்குள் நுழைய முடியாத பஸ்ஸால் எங்களுக்குப் பிரயோசனம் இல்லை.

அடுத்தது கறள், அதாவது துரு. பஸ்ஸைப் பார்க்கப் போகும்போது எனக்குத் தெரிந்த கராஜ்காரர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போனேன். நான் சீற்றுகளையும் கூரையையும் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் ஒரு சாக்கை நிலத்தில் விரித்தார்.

“மாஸ்டர், மேல என்னத்தைப் பாக்கிறியள்? கீழ பூந்து பாருங்கோ. கறள் கீழ இருந்துதான் ஏறும்.”

சுத்தியலால் அடிச்சட்டத்தின் குறுக்கு இரும்புகளை ஒவ்வொன்றாகத் தட்டினார். நல்ல இரும்பு கணீரென்றது. சக்கரங்களுக்கு மேலே இருந்த இரண்டு இடங்களில் சத்தம் மொத்தென்று வந்தது. அந்த இடங்களில் சோக்கட்டியால் அடையாளம் வைத்தார். “உது வெட்டி எடுத்துப் புதுசு வைக்கலாம். தீவுப் பக்கம் ஓடின வாகனமெண்டால் நான் வேண்டாமெண்டே சொல்லியிருப்பன்” என்றார். தீவுகளுக்குக் கடலுக்கு மேலாகப் போகிற பண்ணைப் பாலத்தாலும் பொன்னாலைப் பாலத்தாலும் நாள்தோறும் போய்வந்த வாகனங்களின் அடிப்பகுதியைப் பார்த்தவர்களுக்கு அவர் சொன்னது விளங்கும். உப்புக் காற்று வாகனத்தின் அடியைத் தின்றுவிடும். மேலே பெயின்ற் புதுசாக இருப்பதைப் பார்த்து எதையும் தீர்மானிக்க முடியாது.

இன்னொரு விஷயமும் அவர் காட்டித் தந்தார். சீற்றுகளைப் பூட்டியிருக்கிற ஆணித் துளைகள் வழியாகத்தான் தரைப் பலகைக்குள் தண்ணீர் இறங்குகிறது. பிள்ளைகள் மழை நாளில் நனைந்த சப்பாத்தோடு ஏறி இறங்கிய வருடங்களெல்லாம் அந்தப் பலகைக்குக் கீழேதான் தேங்கிக் கிடக்கின்றன. ஆகவே சீற்றைக் கழற்றியவுடன் அதற்கு மேலே புதுத் தரையைப் போட்டுவிடக் கூடாது. பழைய பலகையைத் தூக்க வேண்டும், தகட்டைச் சுரண்ட வேண்டும், கறள் தடுப்புப் பூச வேண்டும், ஒவ்வொரு துளையையும் தகடு வைத்து ஒட்டி அடைக்க வேண்டும். எங்கள் செலவுத் திட்டத்தில் முதல் வரியில் இருப்பது இந்த வேலை. கட்டிலும் அலுமாரியும் பிறகு வரலாம்.

இனி வெயில். எதையும் கழற்றுவதற்கு முன்னர், பஸ் நின்ற முற்றத்திலேயே வெப்பமானியை வைத்து அளந்தோம். உச்சிப் பொழுதில் வெளியே 34 பாகை. யன்னல்கள் மூடியிருக்க, கூரைத் தகட்டுக்குச் சற்றுக் கீழே 46 பாகை. எல்லா யன்னல்களையும் திறந்த பிறகு 39க்கு இறங்கியது. பிறகு கூரைக்கு மேலே நாலு விரல்கடை இடைவெளி விட்டு ஒரு தறப்பாளைக் கட்டினோம். 36க்கு வந்தது. எங்களுக்குப் பெரிய பாடம் இதுதான். வெயில் தகட்டில் படுவதற்கு முன்னமே அதைத் தடுக்க வேண்டும், தடுக்கிற பொருளுக்கும் தகட்டுக்கும் நடுவில் காற்று ஓட வேண்டும். உள்ளே எவ்வளவு நுரை அடைத்தாலும் சூடேறிய தகடு மாலை வரைக்கும் உள்ளே வெப்பத்தை இறக்கிக்கொண்டே இருக்கும்.

அதனால் சோலர் பலகைகளை மின்சாரத்துக்கு மட்டும் என்று நாங்கள் கணக்கிடவில்லை. இரண்டு மீற்றருக்கு ஒரு மீற்றர் அளவில் இரண்டு பலகைகளை உயரமான தாங்கிகளில் வைத்தால், படுக்கைக்கு மேலே இரண்டாவது கூரை கிடைக்கிறது. யாழ்ப்பாணம் கிட்டத்தட்ட 9.7 பாகை வட அகலக்கோட்டில் இருக்கிறது. சித்திரை வருடப் பிறப்பை ஒட்டிய நாட்களில் சூரியன் எங்களுக்கு நேர் உச்சியில் நிற்கும். அதனால் பலகைகளைச் சரிக்காமல் தட்டையாக வைத்தாலும் எங்களுக்கு நட்டம் மிகக் குறைவு. மிச்சக் கூரைக்கு வெள்ளைப் பெயின்ற். கூரையின் உட்பக்கத்தில் மட்டும் ஒரு அங்குல நுரைப்பலகை, அதற்குக் கீழே மெல்லிய பலகை. பக்கச் சுவர்களை அப்படியே விடுகிறோம்.

யன்னல்களுக்கு நுளம்பு வலை வேண்டும். மார்கழி, தை மாதங்களில் இங்கே டெங்குப் பயம் இல்லாத வீடு இல்லை. ஆனால் வலை காற்றைக் குறைக்கும். ஆகவே நிரந்தரமாக அடிக்காமல், மெல்லிய சட்டத்தில் வலையை இழுத்துக் கட்டி, காந்தத்தால் ஒட்டிக் கழற்றுகிற மாதிரி செய்யப் போகிறோம். பகலில் கழற்றலாம், பொழுதுபடப் பூட்டலாம்.

பஸ்ஸை எந்தத் திசையில் நிறுத்துவது என்பதும் திட்டத்தின் ஒரு பகுதி. கிழக்கு மேற்காக நிறுத்தினால் காலை வெயிலும் பின்னேர வெயிலும் பெரும்பாலும் முன்கண்ணாடியிலும் பின்கண்ணாடியிலும்தான் விழும். அவற்றுக்குத் திரை போட்டால் போதும். வைகாசியிலிருந்து புரட்டாதி வரை வீசுகிற சோளகம் தென்பக்க யன்னல்களால் வரும். மாரியில் வாடைக்காற்று வடபக்க யன்னல்களால் வரும். ஆக, வெயிலுக்கும் காற்றுக்கும் ஒரே திசை பொருந்துகிறது. எங்கள் பழைய வீடுகளைக் கட்டியவர்கள் விறாந்தையை எந்தப் பக்கம் வைத்தார்கள் என்று போய்ப் பார்த்தால் இதெல்லாம் அவர்களுக்குத் தெரிந்திருந்தது விளங்கும்.

திட்டத்தின் அளவை முடிவு செய்தது மனைவி சொன்ன ஒரு வசனம். நான் படம் கீறிக் காட்டிய அன்று அவர் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு கேட்டார்: “தொண்ணூற்றஞ்சில வீட்டைத் தலையில தூக்கிக்கொண்டு சாவகச்சேரிக்கு நடந்தது காணாதே? இனி என்னத்துக்கு ஓடுற வீடு?”

1995 ஒக்டோபர் இறுதியில் போரால் இடம்பெயர்ந்து வலிகாமத்திலிருந்து தென்மராட்சிக்கு மழையில் நடந்த சனத்தில் நாங்களும் இருந்தோம். ஒரு சைக்கிளில் எவ்வளவு ஏற்றலாம், எதை விட்டுவிட்டுப் போகலாம் என்று அந்த இரவில் தீர்மானித்தவர்களுக்கு, வாகனத்துக்குள் வீடு என்ற சொல்லே வேறு மாதிரித்தான் கேட்கும். இதை நான் லேசாக எடுக்கவில்லை. நாட்கணக்கில் இரண்டு பேரும் கதைத்தோம். கடைசியில் அவர் ஒப்புக்கொண்டது மூன்று நிபந்தனைகளோடு. கொக்குவில் வீடு அப்படியே இருக்க வேண்டும். ஒவ்வொரு பயணத்துக்கும் திரும்பி வருகிற நாளைப் புறப்படும்போதே குறிக்க வேண்டும். படுக்கையிலிருந்து நேராக வெளியே போக ஒரு வழி இருக்க வேண்டும்.

இந்த நிபந்தனைகள் திட்டத்தை மிகவும் தெளிவாக்கின. பத்து நாளுக்கு மேல் போகாத பயணம் என்றால் பெரிய தொட்டி தேவையில்லை, சலவை இயந்திரம் தேவையில்லை, குளிரூட்டியும் தேவையில்லை. இரண்டு, மூன்று நாள் யாரிடமும் எதுவும் கேட்காமல் இருக்க முடிந்தால் போதும். மூன்றாவது நிபந்தனையால் படுக்கை பின்பக்கம் போனது. எங்கள் பஸ்ஸின் பின்னால் அவசரக் கதவு இருக்கிறது. படுக்கையைக் குறுக்காகப் போட்டு, உயரத்தை ஒன்றரை அடியில் வைத்தால், எழும்பி இருந்தபடியே அந்தக் கதவைத் திறக்கலாம். இரவில் அதற்கு முன்னால் ஒரு சாமானும் வைப்பதில்லை என்று முடிவு. இப்படியான திட்டம் போடுகிறவர்கள் குடும்பத்தில் தயங்குகிறவரைச் சம்மதிக்க வைக்கப் பார்க்காமல், அவருடைய தயக்கத்தைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். எங்களுக்கு அதிலிருந்துதான் நல்ல வரைபடம் வந்தது.

தண்ணீர். ஒரு லீற்றர் ஒரு கிலோ. எங்கள் தொட்டி 150 லீற்றர். அதைப் பின் அச்சுக்குச் சற்று முன்னால், வலப்பக்கம் வைக்கிறோம். எடை சமமாக இருக்க, பற்றறியும் குளிர்சாதனப் பெட்டியும் இடப்பக்கம். கோப்பை கழுவ, முகம் கைகால் கழுவ, மலசலகூடத்துக்கு என்று ஒரு நாளைக்கு இரண்டு பேருக்கும் இருபத்தைந்து லீற்றர் வரை போகும். உள்ளே குளித்தால் இது இரட்டிப்பாகும். ஆனால் எங்கள் பக்கத்தில் கிணற்றடியில் குளிப்பதற்கு யாரும் மறுப்புச் சொல்வதில்லை. குடிக்கிற தண்ணீர் வேறாக, இருபது லீற்றர் கலன்கள் இரண்டில். யாழ்ப்பாணத்து நிலத்தடி நீர் சுண்ணாம்புக் கல்லுக்குள்ளிருந்து வருகிறது. கேத்திலின் அடியில் படிகிற வெள்ளைப் படிவு பம்பின் வால்விலும் குழாய் வாயிலும் படியும். அதனால் மாரியில் கூரைத் தண்ணீரைச் சேர்த்து வைத்து அதையே பஸ் தொட்டிக்கு நிரப்ப நினைத்திருக்கிறோம். கிணற்றுத் தண்ணீரை நிரப்பினால் வடிகட்டி வைத்து நிரப்ப வேண்டும், இடைக்கிடை தேசிக்காய்ப் புளி கலந்த தண்ணீரை ஓடவிட்டுக் கழுவ வேண்டும்.

மலசலகூடம் பற்றி வெட்கப்படாமல் எழுத வேண்டும், ஏனெனில் வெளிநாட்டுத் திட்டங்கள் எங்களுக்குக் கொஞ்சமும் பொருந்தாத இடம் இதுதான். அங்கே பலர் உலர் முறையைப் பாவிக்கிறார்கள். சிறுநீரை வேறாகப் பிரித்து, மற்றதைத் தும்புத்தூளில் மூடி வைப்பது. தும்புத்தூளுக்கு இங்கே பஞ்சமில்லை. ஆனால் நாங்கள் தண்ணீரால் கழுவுகிறவர்கள். அந்தத் தண்ணீர் தும்புத்தூளுக்குள் போனால் உலர் முறை உலர் முறையாக இராது, மணக்கத் தொடங்கிவிடும். ஆகவே கீழே கழற்றி எடுக்கிற பெட்டி உள்ள, தண்ணீர் ஊற்றுகிற வகையைத் தெரிவு செய்தோம். பெட்டி இருபது லீற்றர். கழுவுகிற தண்ணீரையும் சேர்த்துக் கணக்கிட்டால் இரண்டு பேருக்கு இரண்டு, இரண்டரை நாள். பிறகு உறவினர் வீட்டு மலசலகூடத்தில் ஊற்றிக் கழுவ வேண்டும். பெட்டியை வெளியிலிருந்து இழுத்தெடுக்க பஸ்ஸின் பக்கத் தகட்டில் ஒரு சின்னக் கதவு வெட்ட வேண்டும். யன்னல் தூண்களையோ கூரை வளைவுகளையோ தொடாமல், யன்னலுக்குக் கீழே உள்ள தகட்டில் மட்டும் வெட்டலாம் என்று கராஜ்காரர் இடம் காட்டியிருக்கிறார். அந்தத் தூண்களும் வளைவுகளும்தான் பஸ் உருண்டால் உள்ளே இருப்பவர்களைக் காப்பாற்றுகிற எலும்புக்கூடு. அழகுக்காக ஒன்றையேனும் வெட்ட வேண்டாம்.

குசினி விஷயத்தில் எங்கள் முன்னோர்கள் சொல்லித் தந்துவிட்டார்கள். பழைய யாழ்ப்பாண வீடுகளில் குசினி தனியாக வெளியே இருந்தது. மிளகாய்த்தூள் வறுக்கிற வீட்டுக்கு அது தேவை. பஸ்ஸுக்குள் மீன்குழம்பு வைத்தால் மெத்தை வரைக்கும் மணக்கும், புட்டு அவித்தால் யன்னல் கண்ணாடி முழுக்க நீராவி. எனவே அடுப்பு இருக்கிற மேசை கதவடியில், பிணைச்சலில் வெளியே மடிகிற மாதிரி. மேலே ஒரு தறப்பாள் நிழல். மழை நாளில் மட்டும் உள்ளே சமையல், அதுவும் தேத்தண்ணி, சோறு, பருப்பு என்ற அளவில்.

காஸ் சிலிண்டர் 5 கிலோ அளவில் ஒன்று. காஸ் காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையில்தான் தேங்கும். ஆகவே சிலிண்டர் நிற்கிற பெட்டி பஸ்ஸின் உட்பக்கத்துக்கு முற்றாக மூடியதாகவும், அதன் அடியில் வெளியே திறந்த துளைகள் உள்ளதாகவும் இருக்க வேண்டும். மேலே மட்டும் துளை விட்டால் பயன் இல்லை. ஓடும்போது சிலிண்டரின் வாயைப் பூட்டியே வைக்க வேண்டும்.

மின்சாரத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். றோசா 24 வோல்ற் வாகனம். கடையில் கிடைக்கிற மின்விசிறி, பம்பு, விளக்கு பெரும்பாலும் 12 வோல்ற். இஞ்சினுக்கான இரண்டு 12 வோல்ற் பற்றறிகளில் ஒன்றிலிருந்து மட்டும் 12 வோல்ற் எடுக்கலாம் என்று சிலர் சொல்வார்கள், அது அந்தப் பற்றறியைக் கெடுக்கும். 24 வோல்ற்றை 12 ஆக்குகிற மாற்றிக் கருவி ஒன்றை வைப்பதுதான் சரி. இஞ்சினுக்கான பற்றறி வேறு, வீட்டுக்கான பற்றறி வேறு. வீட்டுக்கு 24 வோல்ற், 100 அம்பியர்மணி லித்தியம் பற்றறி ஒன்று, ஏறக்குறைய இரண்டரை அலகு மின்சாரம் பிடிக்கும். எங்கள் தேவை, குளிர்சாதனப் பெட்டி அரை அலகு, இரண்டு விசிறிகள் முக்கால் அலகு, மிச்சமெல்லாம் சேர்த்து நாளுக்கு ஒன்றரை அலகுக்குள். 330 வாற் பலகைகள் இரண்டு நல்ல வெயிலில் இரண்டு அலகுக்கு மேல் தரும். ஐப்பசி, கார்த்திகை மழையில் அதில் பாதியை நம்பலாமா என்பதே கேள்வி, அதனால் இஞ்சின் ஓடும்போதும் ஏறுகிற மாதிரி இணைப்பு.

எடைக்கு நாங்கள் வைத்த விதி எளிது. இருபத்தாறு பேர் போகிற பஸ், ஆளுக்கு 60 கிலோ என்றால் 1560 கிலோ. நாங்கள் ஏற்றுகிற எல்லாம், எங்களையும் சேர்த்து, அதில் பாதிக்குச் சற்று மேலே போகலாம், அதற்கு அப்பால் போகக் கூடாது. பனஞ்சட்டம் பாவிக்க எனக்கு ஆசை இருந்தது. வைரமேறிய பனையின் பாரம் தெரிந்தவர்கள் அதை வேண்டாம் என்பார்கள். மலைவேம்பு லேசான மரம், கட்டிலுக்கும் அலுமாரிச் சட்டத்துக்கும் அதையே எடுக்கிறோம். பனையைக் கட்டிலுக்குக் கீழே சலாகைகளாக மட்டும் வைக்கிறோம். மெத்தைக்குக் கீழே காற்றுப் போகாவிட்டால் மாரியில் பூஞ்சணம் பிடிக்கும்.

கடைசியாகக் கடதாசி வேலை, நேர வரிசையில் இது முதலில் வர வேண்டும். பதிவுப் புத்தகத்தில் வாகன வகை, இருக்கைகளின் எண்ணிக்கை, வெற்று எடை, நிறம் எல்லாம் எழுதப்பட்டிருக்கின்றன. அவற்றை மாற்றுவதானால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் முன்கூட்டிக் கேட்டு, அவர்கள் சொல்கிறபடி செய்து, புத்தகத்திலும் மாற்ற வேண்டும். காப்புறுதிக்காரருக்கும் எழுத்தில் அறிவிக்க வேண்டும். சொல்லாமல் மாற்றிய வாகனத்துக்கு விபத்து நடந்தால் இழப்பீட்டை மறுக்க அதுவே காரணமாகிவிடும். சாரதி அனுமதிப்பத்திரத்தில் பஸ் ஓட்டுகிற வகுப்பு இருக்கிறதா என்றும் பாருங்கள். கார் ஓட்டுகிற பத்திரத்தை வைத்துக்கொண்டு இதை ஓட்ட முடியாது. நான் இப்போது அதற்கான பயிற்சியில்தான் இருக்கிறேன். பழைய உரிமையாளரே பக்கத்தில் இருந்து சொல்லித் தருகிறார், “தம்பி, பின்சில்லு எங்க போகுதெண்டு கண்ணாடியில பாத்துக்கொண்டே திருப்புங்கோ” என்று.

எங்கள் விண்ணப்பத்துக்குரிய கடிதமும் அளவுப் படமும் தயாராகிவிட்டன. கறள் வேலைக்காக நாலு சீற்றுகளை மட்டும் கழற்றி, ஆணிகளைப் போத்தலில் போட்டு, சீற்றுகளுக்கு இலக்கமிட்டு வீட்டுக் கொட்டிலில் அடுக்கியிருக்கிறோம். அனுமதி கைக்கு வரும்வரை அவற்றை விற்பதில்லை. மறுத்தால் திரும்பப் பூட்டி, பஸ்ஸைப் பஸ்ஸாகவே பரிசோதனைக்குக் கொண்டுபோகலாம்.